ஜிம்னிக்கு 2 இன்ச் லிஃப்ட் கிட்: அளவெடுப்பதிலிருந்து கடைசி நட்டு வரை

மதுரைப் பக்கம் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்ட மாருதி ஜிம்னிகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. நிற்கும்போது ஜம்மென்று இருக்கும். ரிங் ரோட்டில் அறுபதைத் தொட்டதும் சிலவற்றில் ஸ்டீயரிங் கையில் நிற்காது. ஓட்டுபவர் ஸ்பிரிங்கைத் திட்டுவார், கிட் விற்ற கடையைத் திட்டுவார். பெரும்பாலும் ஸ்பிரிங்கில் குற்றம் இருக்காது. எதை முதலில் கழற்றினார்கள், எதை எப்போது பூட்டினார்கள் என்பதில்தான் இருக்கும்.

உயரத்தை ஸ்பிரிங் கொடுத்துவிடும். ஆனால் வண்டி உயர்ந்த அந்த நிமிடமே அடியிலுள்ள ஒவ்வொரு ஆர்ம் (ஆக்சிலைச் சேஸிஸோடு பிணைக்கும் கை), ராடு, ஹோஸின் கோணமும் மாறிவிடுகிறது. அந்தக் கோணங்களைப் பழையபடி கொண்டுவருவதுதான் உண்மையான வேலை. அதற்குப் பழைய கோணம் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் டேப்பை எடுங்கள்.

இங்கே சொல்வது 2023-இல் இந்தியாவில் வந்த ஐந்து கதவு ஜிம்னிக்கும், 40 முதல் 50 மி.மீ. வரை உயர்த்தும் கிட்டுக்கும். முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில் (இரு சக்கரத்தையும் ஒரே துண்டாக இணைப்பது), காயில் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி என்று உள்ள வண்டி என்பதால் இதை வீட்டில் செய்ய முடிகிறது. 2020-க்குப் பிந்தைய மஹிந்திரா தாரின் முன்பக்கம் வேறு கதை. அங்கே ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கட்டாக, இறுகிய நிலையில் இருக்கும். அதைப் பிரிக்க ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். நழுவினால் கை போகும். தார்க்காரர்கள் முன்பக்கத்தை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

1. எது உயரும், எது உயராது

பலர் தவறாக நினைத்திருப்பது இதைத்தான். ரிஜிட் ஆக்சில் வண்டியில் ஸ்பிரிங் மாற்றினால் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அது ஆக்சிலிலேயே உள்ள கியர் பெட்டி, சக்கரத்தோடு சேர்ந்து நிற்கும் பாகம். அதை உயர்த்த டயரின் விட்டம் கூட வேண்டும். கம்பெனி சொல்லும் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், ஆக்சிலுக்கு அடியில் அப்படியேதான் இருக்கும்.

உயர்வது சேஸிஸ், பம்பர், நடு வயிறு. கண்மாய்க் கரை ஏறி இறங்கும்போது வயிறு தட்டுவது குறையும். ஓடைக்குள் இறங்கும்போது பம்பர் மண்ணைக் கொத்தாது. இதுதான் உங்கள் தொல்லை என்றால் லிஃப்ட் பயன்படும். மேலூர்ப் பக்கப் பாறைத் தடத்தில் டிஃபரன்ஷியல் இடிக்கிறது என்பது தொல்லையானால் லிஃப்ட் உதவாது.

50 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (என்ஜின் விசையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு), ஆர்ம், ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் செலவு தொடங்கும். அன்றாடம் ஓட்டும் வண்டியாகவும் அது இருக்காது.

2. பெட்டியில் என்ன இருக்க வேண்டும்

நான்கு ஸ்பிரிங்கும் நான்கு ஷாக்கும் மட்டும் இருந்தால் அது அரை கிட். இவையும் வேண்டும்: முன் ஆர்முக்குக் காஸ்டர் கரெக்‌ஷன் புஷ் (புஷ் என்பது ஆர்மின் முனையிலுள்ள ரப்பர் வளையம்; காஸ்டர் என்ன என்பது ஒன்பதாம் படியில்), நீளம் மாற்றக்கூடிய லேட்டரல் ராடு (ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது; முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று), பிரேக் ஹோஸைக் கீழே இறக்கும் பிராக்கெட் அல்லது நீள ஹோஸ், பம்ப் ஸ்டாப் (சக்கரம் மேலேறும்போது கடைசியில் இடிக்கும் ரப்பர் முட்டு) நீட்டிப்பு, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கு நீளமான லிங்க்.

ஷாக்கின் நீளத்தை விற்பவரிடம் விரித்தும் மடக்கியும் அளந்து கேளுங்கள். சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஷாக்தான் ஆக்சிலைப் பிடித்து நிறுத்துகிறது. அது அளவுக்கு மீறி நீண்டால் ஸ்பிரிங் இருக்கையிலிருந்து கழன்று விழும், அல்லது பிரேக் ஹோஸ் இழுபடும். சக்கரம் முழுவதும் மேலேறும்போது பம்ப் ஸ்டாப் முதலில் இடிக்க வேண்டும், ஷாக் இல்லை. ஷாக் முதலில் இடித்தால் சீக்கிரமே உள்ளே சீல் போய் எண்ணெய் கசியும்.

ஸ்பிரிங் வாங்கும்போது வண்டியில் என்ன ஏற்றப்போகிறீர்கள் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் உள்ள வண்டிக்கான ஸ்பிரிங்கை வெறும் வண்டிக்குப் போட்டால், 50 என்று எழுதியிருந்தது 65-இல் போய் நிற்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகு பேசும்.

பழைய ஸ்பிரிங்கின் மேல் வைக்கும் பாலியூரித்தேன் ஸ்பேசர் மலிவு. எனக்கு அதில் பெரிய எதிர்ப்பு இல்லை. ஆனால் அதற்கும் ஷாக்கும் காஸ்டர் புஷ்ஷும் அதே கணக்குத்தான். "வெறும் ஸ்பேசர் போதும்ணே" என்று சொல்லும் கடையில் ஸ்பேசரைக்கூட வாங்காதீர்கள்.

3. ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ், வாரண்டி

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளர் மீது பிரிவு 182ஏ வருகிறது: ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கிட் வாங்கும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் அடியில் குனிந்து பார்க்கும்போது தெரிவிப்பதில் பயன் இல்லை. சஸ்பென்ஷன் வாரண்டியும் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

4. இடமும் கருவியும்

மட்டமான சிமெண்டுத் தரை வேண்டும். கோடையில் தார்த்தரையில் ஜாக் ஸ்டாண்டு வைத்தால் வெயில் ஏற ஏற கால் மெல்லப் புதையும்; வண்டி ஒரு பக்கம் சாய்வது கண்ணுக்குத் தெரிவதற்குள் காரியம் கெட்டுவிடும். மண் தரை பேச்சுக்கே இல்லை.

தேவையானவை: இரண்டு ஹைட்ராலிக் டிராலி ஜாக்கி, நான்கு ஜாக் ஸ்டாண்டு, சக்கரத்துக்குப் போட மரக்கட்டைகள், பாக்ஸ் ஸ்பேனர் செட், நீளப் பார், டார்க் ரெஞ்ச், துரு இளக்கும் ஸ்பிரே, பெயிண்ட் மார்க்கர், கேபிள் டை. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. ஹாலோ பிளாக் விரிசல் காட்டி எச்சரிக்காது. ஒரே நொடியில் பொடியாகும்.

இரண்டு ஜாக்கி எதற்கு? ஒன்று வண்டியை உயர்த்த. மற்றொன்று வேலை முடியும்வரை ஆக்சிலுக்கு அடியிலேயே இருக்கும். ஒரே ஜாக்கியில் செய்பவர்கள்தான் ஆக்சிலைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடுகிறார்கள்.

முதல் நாள் மாலையே எல்லா நட்டுக்கும் துரு இளக்கியை அடித்துவிடுங்கள். இரண்டு பேர், இரண்டு முழு நாள் என்று திட்டமிடுங்கள். ஞாயிறு மாலை ஊருக்குப் போகணும் என்று வைத்துக்கொண்டு சனிக்கிழமை தொடங்காதீர்கள்.

5. ஒரு நட்டையும் தொடும் முன்

டயர் காற்று நான்கிலும் சரியாக இருக்கட்டும். பின்னால் உள்ள சாமான்களை இறக்குங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். ஜாக்கியிலிருந்து இறங்கிய கையோடு அளந்தால் ஸ்பிரிங் இன்னும் அமர்ந்திருக்காது.

முதல் அளவு, சக்கர நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை, நான்கு மூலையிலும். தரையிலிருந்து அளக்காதீர்கள், காற்று குறைந்தாலே அந்த அளவு மாறிவிடும்.

இரண்டாவது அளவைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை ஃபெண்டர் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை இடமும் வலமும் குறியுங்கள். முன், பின் இரண்டு ஆக்சிலுக்கும். ஆக்சில் நடுவில் இருக்கிறதா என்பதற்கு இதுதான் சாட்சி. கம்பெனியிலிருந்து வரும்போதே இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் இருக்கலாம், அதுவும் தெரிந்திருக்கட்டும்.

அப்புறம் நேராக ஓடும்போது ஸ்டீயரிங் எந்த நிலையில் நிற்கிறது என்று ஒரு போட்டோ. ஐந்து மீட்டர் தள்ளி ஒரு சுவரில் ஹெட்லைட் வெளிச்சத்தின் மேல் விளிம்பு எங்கே விழுகிறது என்று ஒரு டேப் ஒட்டு. முடிந்தால் வீல் அலைன்மென்ட் கடையில் ஒரு பிரிண்ட் அவுட்; அதில் காஸ்டர் எண் கட்டாயம் இருக்க வேண்டும். டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்துவிட்டு "ஓகே சார்" என்று அனுப்பும் கடை இந்த வேலைக்கு உதவாது.

6. பின்பக்கத்தில் தொடங்குங்கள்

பின்னால் ஸ்டீயரிங் இல்லை, தவறினாலும் திருத்துவது சுலபம். கை பழகிய பிறகு முன்பக்கம் போகலாம்.

ஜிம்னியின் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது எதையும் பிடிக்காது. அதனால் முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை போட்டே ஆக வேண்டும். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்று இளக்குங்கள். வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டுகளைச் சேஸிஸுக்கு அடியில் வைத்து இறக்குங்கள். பக்கவாட்டில் நின்று பலமாக ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி வையுங்கள். கழற்றிய சக்கரங்களைச் சேஸிஸுக்கு அடியில் படுக்கவையுங்கள். ஸ்டாண்டு நழுவினாலும் வண்டி அவற்றின் மேல்தான் விழும்.

இரண்டாம் ஜாக்கியை டிஃபரன்ஷியலுக்கு அடியில் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். இனி வரிசை:

ஆர்ம் புஷ் போல்ட்டுகளையும் லேட்டரல் ராடு போல்ட்டுகளையும் இளக்குங்கள், கழற்ற வேண்டாம். இறுக்கமாகவே இருந்தால் ஆக்சிலை இறக்கும்போது ரப்பர் முறுகிக் கிழியும்.

பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஏ.பி.எஸ். வயர் கிளிப், ஹேண்ட் பிரேக் கேபிள் பிராக்கெட், ஆக்சிலுக்குக் காற்று போகும் பிரீதர் குழாய், இவற்றை விடுவியுங்கள். இதைச் செய்யாமல் இறக்கினால் முதலில் போவது ஏ.பி.எஸ். வயர். மேலே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். மறுநாள் டாஷ்போர்டில் விளக்கு எரியும்போதுதான் தெரியும்.

பிறகு ஷாக்கின் கீழ் போல்ட், இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் ஆக்சில் இறங்காது.

இப்போது ஜாக்கியை மெல்ல இறக்குங்கள். ஒருவர் ஜாக்கியில், இன்னொருவர் கண் முழுக்க ஹோஸில். ஆக்சிலின் ஒரு பக்கத்தைக் கீழே அழுத்தினால் அந்தப் பக்க ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். வரவில்லை என்றால் கடப்பாரையைத் தேடாதீர்கள். எங்கோ ஒரு கிளிப் இன்னும் மாட்டியிருக்கிறது.

7. ஸ்பிரிங் உட்காரும் இடம்

இந்த ஒரு இடத்தில் அவசரம் கூடாது.

ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டைத் துடைத்துப் பாருங்கள். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசலில் ஓடிய வண்டியானால் அங்கே மண் காய்ந்து ஓடாக ஒட்டியிருக்கும். விரலுக்கு இரும்பு போலவே படும். ஸ்குரூடிரைவரால் சுரண்டி எடுத்துத் தண்ணீர் அடியுங்கள். நான்கு மி.மீ. மண் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், வண்டி அந்தப் பக்கம் தூக்கி நிற்கும். அப்புறம் ஸ்பிரிங்கை மாற்றிக் கொடு என்று கடைக்காரரிடம் சண்டை.

பம்ப் ஸ்டாப் நீட்டிப்பை இப்போதே பூட்டுங்கள். ஸ்பிரிங் ஏறிய பிறகு அங்கே கை போகாது.

புதிய ஸ்பிரிங்கில் எண் அல்லது பெயிண்ட் குறி இருக்கும். சில கிட்டுகளில் இடமும் வலமும் வேறு. ஓட்டுநர் பக்க எடையைக் கணக்கிட்டு அந்தப் பக்க ஸ்பிரிங் சற்று உயரமாக இருக்கும். எழுத்து நேராகப் படிக்க வருவதுதான் மேல்புறம் என்று நம்பாமல், முனைகளைப் பாருங்கள். பழைய ஸ்பிரிங்கைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

கடைசிச் சுற்றின் வால், தட்டிலுள்ள பள்ளத்தின் முட்டுச் சுவரில் இடித்து நிற்க வேண்டும். ஆக்சிலை உயர்த்தும்போது ஸ்பிரிங் சற்றுச் சுழலும். வால் பள்ளத்திலிருந்து ஏறி விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். அதனால் பாதி எடை ஏறியதும் ஜாக்கியை நிறுத்தி, பின்னாலிருந்து ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு ஏற்றுங்கள். மேலே ரப்பர் பேட் மடியாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஷாக்கை மாட்டும் முன் நான்கைந்து முறை நிமிர்த்திப் பிடித்து அழுத்தி விரியுங்கள். படுக்கையில் கிடந்ததால் உள்ளே காற்று நகர்ந்திருக்கும். மாட்டி, கீழ் நட்டைக் கையால் மட்டும் ஓட்டிவிடுங்கள். பூட்ட வேண்டாம். ஏன் என்பது பத்தாவது படியில்.

8. முன்பக்கம்

கட்டை இப்போது பின் சக்கரத்துக்கு. ஹேண்ட் பிரேக்கும் போடுங்கள். வேலை பின்பக்கம் போலத்தான், மூன்று வித்தியாசங்களோடு.

ஸ்டெபிலைசர் பார் லிங்க் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆக்சில் ஒரு பக்கம் இறங்கும்போது பார் மறுபக்கத்தை மேலே இழுக்கும். இறங்குகிறதே என்று கை வைத்த இடத்தில் திடீரென்று அடிக்கும்.

ஷாக்கின் மேல் நட்டைத் திருப்பும்போது ஷாஃப்ட் சேர்ந்து சுற்றினால், முனையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். ஷாஃப்டின் வழவழப்பான பகுதியில் பிளையர் வைக்காதீர்கள். பழைய ஷாக்தானே என்று வைப்பவர், பழக்க தோஷத்தில் புதியதிலும் வைப்பார். அந்தக் கீறல் சீலைத் தின்றுவிடும்.

பிரேக் காலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கக் கூடாது.

9. காஸ்டர் புஷ்

ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கையை விட்டால் தானே நேருக்கு வருகிறதே, அது காஸ்டரால். சக்கரம் திரும்பும் அச்சு பக்கவாட்டில் பார்த்தால் மேல்முனை பின்னோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் காஸ்டர்.

ஜிம்னியின் முன் ஆர்ம் ஆக்சிலிலிருந்து பின்னோக்கிச் சேஸிஸுக்குப் போகிறது. வண்டி உயர்ந்தால் ஆர்மின் முன்முனை கீழே இறங்கும், ஆக்சில் முன்பக்கமாகச் சுழலும், காஸ்டர் குறையும். ஆர்ம் 800 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால் 50 மி.மீ. உயர்வுக்குச் சுமார் மூன்றரை டிகிரி போய்விடும். மிச்சம் ஏதும் இருக்காது. அதனால்தான் அறுபதில் ஸ்டீயரிங் மிதக்கிறது, மேடு பள்ளத்தில் சக்கரம் படபடவென்று ஆடத் தொடங்கினால் வண்டியை நிறுத்தும்வரை நிற்பதில்லை.

இதற்கு இரண்டு வழி. ஆர்மின் சேஸிஸ் முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட் ஒன்று; மாட்டுவது சுலபம், ஆனால் அது வயிற்றுக்கு அடியில் தொங்கி, நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய உயரத்தைத் திரும்பத் தின்னும். துளை நடுவில் இல்லாமல் தள்ளியிருக்கும் ஆஃப்செட் புஷ் மற்றொன்று. 50 மி.மீ. வரை புஷ் போதும் என்பது என் முடிவு.

புஷ்ஷை வீட்டில் சுத்தியலால் அடித்து ஏற்ற முயலாதீர்கள். ஆர்மைக் கழற்றி, ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்கு எடுத்துப்போங்கள். புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். ஒரு பக்க ஆர்மைக் கழற்றி, வேலை முடித்து, மாட்டிய பிறகே மறுபக்கம் கழற்றுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்சில் முன்னும் பின்னும் நகர்ந்துவிடும். போல்ட் துளையைத் தேடுவதிலேயே பொழுது போகும்.

கழற்றும் முன் ஆர்மில் பெயிண்ட் மார்க்கரால் மேல், முன், இடது அல்லது வலது என்று எழுதுங்கள். பட்டறையில் பிரஸ் ஓட்டுபவருக்கு இது ஒரு இரும்புத் துண்டு. எந்தப் பக்கம் தள்ளி ஏற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஆஃப்செட் துளையின் திசையைக் கிட்டோடு வந்த படத்தைப் பார்த்து, புஷ்ஷிலும் ஆர்மிலும் ஒரே கோட்டில் குறி போட்டுக் கொடுங்கள். தலைகீழாக ஏற்றினால் காஸ்டர் கூடுவதற்குப் பதில் மேலும் குறையும். லிஃப்ட் போட்டதைவிட மோசமாக ஓடும் வண்டிகளின் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு புஷ்தான்.

காஸ்டரை அள்ளி வழங்கவும் கூடாது. அதைத் திரும்பப் பெற ஆக்சிலைப் பின்னோக்கிச் சுழற்றுகிறோம். அப்போது டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே பார்க்கும், முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (யூனிவர்சல் ஜாயின்ட்) கூடுதல் கோணத்தில் வேலை செய்யும். கம்பெனி அளவுக்குப் பக்கத்தில் வந்தால் போதும்.

10. தரையில் இறக்கி, பிறகு பூட்டுங்கள்

எல்லாம் மாட்டியாயிற்று, புஷ் உள்ள போல்ட் எதுவும் இறுக்கமாக இல்லை. சக்கர நட்டும் ஷாக்கின் மேல் நட்டும் மட்டும் பூட்டியிருக்கும். இப்போது வண்டியைத் தரையில் இறக்குங்கள். பம்பரில் கை வைத்து நன்றாகக் குலுக்குங்கள். பத்தடி முன்னும் பின்னும் கையால் தள்ளி உருட்டுங்கள், ஓட்ட வேண்டாம். ஸ்பிரிங் தன் இடத்தில் அமரும்.

இந்த நிலையில், நான்கு சக்கரமும் எடையோடு தரையில் நிற்கும்போதுதான் ஆர்ம், லேட்டரல் ராடு, ஷாக் கீழ்க்கண் ஆகிய எல்லாப் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் பூட்ட வேண்டும். எவ்வளவு என்பதற்குச் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். கிட் கம்பெனி தனியாக எண் கொடுத்திருந்தால் அதை.

காரணம் இதுதான். ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுகுகிறது. ஆக்சில் தொங்கும்போது பூட்டினால் அந்தத் தொங்கும் நிலையே அதற்கு ஓய்வு நிலை. வண்டி தரையில் இறங்கியதும், ஈரத்துணியைப் பிழிந்து பிடித்தது போல, ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே நிற்கும். சில மாதத்தில் கிழியும். அதுவரை உயரமும் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும், சவாரியும் கட்டைபோல் இருக்கும். "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு" என்ற புகாரோடு வரும் வண்டிகளில் நான் முதலில் செய்வது, இந்தப் போல்ட்டுகளைத் தரையில் வைத்து இளக்கி மறுபடி பூட்டுவது. அதோடு தீர்ந்துவிடுவதும் உண்டு.

பூட்டிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பூட்டியாயிற்றா என்ற குழப்பமும் தீரும், பிறகு இளகினால் கோடு விலகியும் காட்டும்.

11. சரிசெய்யும் வரிசை

வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்: லேட்டரல் ராடு, டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடு), டோ.

லேட்டரல் ராடின் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்சிலில். வண்டி உயர்ந்ததும் ராடின் சாய்வு கூடும். ஆக்சில், ராடு சேஸிஸில் மாட்டியிருக்கும் பக்கமாக இழுபடும். 800 மி.மீ. ராடு, ஏற்கனவே இரு முனைக்கும் 80 மி.மீ. உயர வித்தியாசம் என்றால், 50 மி.மீ. லிஃப்ட் ஆக்சிலைச் சுமார் ஆறரை மி.மீ. தள்ளும். தூக்குக்குண்டை மறுபடி தொங்கவிடுங்கள். பழைய அளவோடு ஒப்பிட்டு, இட வல வித்தியாசம் எவ்வளவு கூடியதோ அதில் பாதிதான் ஆக்சில் நகர்ந்த தூரம். வலப்பக்கம் 42, இடப்பக்கம் 30, முன்பு சமமாக இருந்தது என்றால் நகர்வு 6. அந்த அளவுக்கு ராடை நீட்டுங்கள். முன்பக்கப் போல்ட் துளை ஒத்துவரவில்லையா? என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பினால் பாடி பக்கவாட்டில் நகரும்; துளை நேராகும்போது போல்ட்டை நுழைக்கலாம். வண்டிக்கு அடியில் ஆள் இருந்தபடி இதைச் செய்யாதீர்கள்; சக்கரத்துக்கு வெளியே நின்று செய்யுங்கள்.

ஆக்சில் நடுவுக்கு வந்த பிறகே டிராக் லிங்க். ஸ்டீயரிங் வீலை நேராக்கும் இடம் இதுதான். வீலையே கழற்றி நேராக மாட்டுவது குறுக்கு வழி, செய்யக் கூடாது. வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார் திரும்பியிருப்பதாகக் காட்டினால், ஈ.எஸ்.பி. (சறுக்கலைத் தடுக்கும் அமைப்பு) நீங்கள் வளைவில் சறுக்குவதாக நினைத்துத் தேவையில்லாத நேரத்தில் பிரேக் பிடிக்கும். டிராக் லிங்க்கில் நேராக்கிய பிறகு ஸ்கேனர் உள்ள இடத்தில் சென்சாரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கடைசியாக அலைன்மென்ட் கடை. டோவைச் சரிசெய்யட்டும், காஸ்டரை அளந்து பிரிண்ட் கொடுக்கட்டும். கேம்பரையும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) சரிபண்ணித் தருகிறேன் என்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்னியின் ரிஜிட் ஆக்சிலில் அதைத் திருப்ப ஒரு திருகும் கிடையாது.

12. தொங்கவிட்டு ஒரு சோதனை

அலைன்மென்ட் கடைக்குக்கூட வண்டியை ரோட்டில் எடுக்கும் முன், சேஸிஸை ஸ்டாண்டில் வைத்து நான்கு சக்கரமும் முழுவதும் தொங்கட்டும். பிரேக் ஹோஸைக் கையால் நெருடுங்கள். தளர்வு இருக்க வேண்டும். முன் சக்கரத்தை இரண்டு கடைசிக்கும் திருப்பி மறுபடி பாருங்கள், ஏனென்றால் ஒரு கடைசியில் சரியாக இருப்பது மறு கடைசியில் இழுபடும். ஏ.பி.எஸ். வயர், ஹேண்ட் பிரேக் கேபிள், பிரீதர் குழாய்க்கும் இதே பார்வை.

பிறகு ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றுங்கள். வரப்போ வாய்க்கால் கரையோ, தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. மேலேறிய சக்கரத்தில் டயர் எங்காவது உரசுகிறதா, பம்ப் ஸ்டாப் முதலில் இடிக்கிறதா என்று பாருங்கள். இதற்காகச் சிறுமலைக்கோ அழகர்மலைக்கோ காட்டுத் தடத்தில் இறக்க வேண்டாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போவது குற்றம்.

13. ஹெட்லைட்

முன்னும் பின்னும் ஒரே அளவு உயர்ந்திருந்தால் பெரிய தொல்லை இல்லை. முன்பக்கம் பின்பக்கத்தைவிட 20 மி.மீ. கூடுதலாக உயர்ந்திருந்தால், ஜிம்னியின் 2,590 மி.மீ. வீல்பேஸ் கணக்கில் வெளிச்சம் 25 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 19 செ.மீ. மேலே போகும். எதிரே வரும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். காரரின் கண்ணில் நேராக அடிக்கும். பழைய டேப் குறியைப் பார்த்து, அதே சுவரில் இறக்குங்கள்.

14. முதல் ஓட்டம்

விடிகாலையில், போக்குவரத்து இல்லாத ஊர்ச்சாலையில் 30, 40-இல் தொடங்குங்கள். முதலில் பிரேக். பிறகு வேகத்தடையில் ஏறி இறங்கிச் சத்தம் கேளுங்கள். அதில் தேறினால் ரிங் ரோடு. நத்தம் ரோடு மேம்பாலத்தின் இணைப்புகள் சீரான இடைவெளியில் வருவதால் ஸ்டீயரிங் நடுங்குகிறதா என்று தெரிந்துகொள்ள வசதி. அங்குள்ள வேக வரம்புக்குள் ஓட்டினாலே தெரிந்துவிடும்.

ஸ்டீயரிங் மிதக்கிறது, தானே நேருக்கு வரவில்லை என்றால் காஸ்டர். படபடவென்று ஆடினால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். லேட்டரல் ராடு போல்ட், கிங்பின் பேரிங் (முன் சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள பேரிங்), டயர் பேலன்ஸ் என்ற வரிசையில் பாருங்கள். ஸ்டீயரிங் டேம்பரை மாற்றினால் ஆட்டம் அடங்கும்தான், ஆனால் காரணம் உள்ளேயே இருக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரைத்தகடு அதிர்ந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம். 2 எச்-இல் (இரு சக்கர இயக்கம்) இல்லாமல் 4 எச்-இல் (நான்கு சக்கர இயக்கம்) மட்டும் அதிர்ந்தால் அது முன் ஷாஃப்ட், காஸ்டரை அதிகம் கொடுத்துவிட்டீர்கள். 4 எச்-ஐ மண்ணில் மட்டும் சோதியுங்கள், காய்ந்த தார் ரோட்டில் வேண்டாம். வேகத்தடையில் ஒற்றை "டக்" என்றால் ஷாக் நட்டு அல்லது ஸ்டெபிலைசர் லிங்க். இரட்டை "டக் டக்" என்றால் ஸ்பிரிங் வால் பள்ளத்தில் இல்லை.

100 கி.மீ. ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளின் மார்க்கர் கோட்டையும் பார்த்து டார்க் ரெஞ்ச் வையுங்கள், 500-இல் மறுபடி. புது ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் சற்று அமரும்; அதன் பிறகு நான்கு மூலை உயரத்தையும் தூக்குக்குண்டு அளவையும் இன்னொரு முறை எடுத்து, ஆக்சில் நகர்ந்திருந்தால் லேட்டரல் ராடிலிருந்து பதினோராம் படியைத் திரும்பச் செய்யுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங், ஷாக், ராடு எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். எஃப்.சி.க்கோ விற்பனைக்கோ வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவை வேண்டியிருக்கும்.